அணை நிலவரமும் பன்னீர் சோடாவும்: சமுதாயக் கல்லூரியில் சிஸ்டம் தியரி

திருநெல்வேலிப் பக்கம் மழைக்காலம் வந்துவிட்டால் பேப்பரில் முதலில் தேடிப் படிப்பது அணை நிலவரத்தைத்தான். பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்று நாலைந்து வரிதான் இருக்கும். வயல் இல்லாதவர்கள்கூட படிப்பார்கள். எங்க அப்பாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஆனாலும் காலையில் காப்பி குடிக்கும்போது அந்த வரிகளைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் பேப்பரை அடுத்தவர் கையில் கொடுப்பார். சிஸ்டம் தியரி என்று பெரிய பெயர் வைத்துச் சொல்கிற படிப்பின் முதல் பாடம் அந்த வரிகளில்தான் இருக்கிறது என்பது எனக்கு முப்பத்தாறு வயதில் தெரியவந்தது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில், சாயங்கால வகுப்பில், பெஞ்சு எனக்குச் சிறிதாகப் போய் கால் மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது.

நான் மோட்டார் காயில் கட்டுகிற ஆள். ஏசி வேலையும் தெரிந்திருந்தால் கோடையில் நாலு காசு கூட வரும் என்று குளிர்சாதன மெக்கானிக் டிப்ளமோவில் சேர்ந்தேன். ஒரு வருஷப் படிப்பு. அதில் வேலைத்திறன் பாடம் போக வாழ்க்கைத் திறன் என்று ஒரு பாடவேளை உண்டு. பெரும்பாலான இடங்களில் அந்த நேரத்தில் தன்னம்பிக்கை, நேர மேலாண்மை, நேர்காணலுக்கு எப்படிச் சட்டை போடுவது என்று ஓட்டிவிடுவார்கள். எங்களுக்கு வந்த சார் அதில் பாதியை எடுத்துக்கொண்டு சிஸ்டம் தியரி நடத்தினார். பாடத்திட்டத்தில் அந்தப் பெயரே கிடையாது.

முதல் நாள் போர்டில் ஒரு கணக்கு எழுதினார். ஒரு அணை. மழை வெறித்துவிட்டது. இன்றைக்கு வரத்து 2,000 கன அடி, நாளைக்கு 1,800, அடுத்த நாள் 1,600, இப்படித் தினமும் 200 குறைந்துகொண்டே போகிறது. வெளியேற்றம் மட்டும் மாறாமல் 800 கன அடி. அணையில் தண்ணீர் உச்சத்தில் நிற்பது எந்த நாள்? வகுப்பில் பதினெட்டு பேர். பதினொரு பேர் முதல் நாள்தான் உச்சம், அதற்கப்புறம் இறங்கும் என்று எழுதியிருந்தோம். பதினொன்றில் நானும் ஒருத்தன். வரத்து குறைகிறது, அதனால் தண்ணீரும் குறையும் என்று மனசு தானாக முடிவுகட்டிவிட்டது.

ஆனால் வரத்து குறைந்துகொண்டே வந்தாலும் வெளியேற்றத்தைவிட அதிகமாக இருக்கிற வரைக்கும் அணை ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஏழாம் நாள்தான் வரத்தும் 800-க்கு வருகிறது. அதுவரை ஏற்றம், அன்றைக்கு உச்சம், எட்டாம் நாளிலிருந்துதான் இறக்கம். முதல் ஆறு நாளில் மிஞ்சியது 1,200, 1,000, 800, 600, 400, 200, கூட்டினால் 4,200. வினாடிக்கு ஒரு கன அடி என்பது ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. பெருக்கிப் பார்த்தால் 36 கோடி கன அடிக்கு மேல், அதாவது 363 மில்லியன் கன அடி அணையில் கூடியிருக்கிறது. பாபநாசம் அணையின் மொத்தக் கொள்ளளவு சுமார் 5,500 மில்லியன் கன அடி என்பதை வைத்துப் பார்த்தால் இது ஒன்றும் சின்ன அளவில்லை. இவ்வளவும் 'வரத்து குறைகிறது' என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் ஏறியது.

எங்களுக்குப் படிப்பு போதாததால்தான் இப்படி என்று நினைத்தேன். அப்புறம் சார் சொன்னார்: 2000-ஆம் ஆண்டில் லிண்டா பூத் ஸ்வீனி, ஜான் ஸ்டெர்மன் என்ற இருவர் இதே மாதிரிக் கணக்கை, குளிக்கிற தொட்டியில் தண்ணீர் நிரம்பி வடிகிற கணக்காக, எம்.ஐ.டி. முதுகலை மாணவர்களிடம் (குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்க எம்.ஐ.டி.) கொடுத்துப் பார்த்தார்கள், கால்குலஸ் எல்லாம் படித்துவிட்டு வந்த அவர்களிலும் கணிசமானவர்கள் தப்பாக வரைந்தார்கள். கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம், அது நல்ல குணம் இல்லைதான்.

இதில்தான் விஷயம் தொடங்குகிறது. அணையில் நிற்கிற தண்ணீருக்கு 'இருப்பு' என்று பெயர், வருவதும் போவதும் 'ஓட்டம்'. இருப்பு என்பது இதுவரை வந்ததையும் போனதையும் கூட்டிக் கழித்த கணக்கு, அதனால் நேற்று நடந்ததை அது மறக்காது. மாதாமாதம் கடன் வாங்குவதைக் குறைத்துக்கொண்டே வந்தும் மொத்தக் கடன் ஏறுவது இதனால்தான். காற்றில் கரியமில வாயு கூடுவதும் இதே கணக்குதான். புகையை விடுவது சற்றுக் குறைந்தது என்பதற்காக மேலே சேர்ந்திருப்பது குறைந்துவிடாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊரில் சிஸ்டம் என்றால் கம்ப்யூட்டர். 'தம்பி சிஸ்டம் முன்னாடி உட்கார்ந்திருக்கான்' என்போம். இல்லையென்றால் டீக்கடையில் 'சிஸ்டமே சரியில்ல' என்று பெருமூச்சு விடுகிற அந்த சிஸ்டம். தமிழில் அமைப்பு என்று சொல்லலாம்தான், ஆனால் அமைப்பு என்றால் சங்கம், கட்சி என்றும் ஆகிவிடுகிறது. அமைப்பியல் என்று போட்டால் இலக்கியம் படிக்கிறவர்கள் ஸ்ட்ரக்சுரலிசம் என்று எடுத்துக்கொண்டு வேறு சண்டைக்கு வந்துவிடுவார்கள். எங்கள் வகுப்பில் சிஸ்டம் என்றே வைத்துக்கொண்டோம். இருப்பு, வரத்து, வெளியேற்றம் ஆகிய மூன்று சொல்லும் பேப்பரிலேயே தயாராக இருந்தன.

இந்தப் பெயருக்குக் கீழே குறைந்தது மூன்று வேறு வேறு படிப்புகள் கிடக்கின்றன, புதிதாகப் படிக்க வருகிறவர்கள் குழம்புவதற்குப் பாதிக் காரணம் இது. ஒன்று, வியன்னாவில் படித்த உயிரியலாளர் லுட்விக் வான் பெர்டாலன்ஃபி தொடங்கிவைத்த பொதுச் சிஸ்டம் கோட்பாடு. உயிருள்ள உடம்பு வெளியிலிருந்து பொருளும் சக்தியும் வாங்கி வெளியே விட்டுக்கொண்டே தன்னை நிலைநிறுத்திக்கொள்கிறது, அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால் அந்தக் குணமே காணாமல் போய்விடுகிறது, ஆகவே உடம்புக்கும் சமூகத்துக்கும் எந்திரத்துக்கும் பொதுவான விதிகளைத் தேடலாம் என்பது அவர் யோசனை. 1950-களில் அதற்கென்று ஒரு சங்கமே உண்டானது. இரண்டாவது, நார்பர்ட் வீனர் 1948-இல் பெயர் சூட்டிய சைபர்நெட்டிக்ஸ். விளைவைத் திரும்ப அளந்து, அதை வைத்துச் செயலைத் திருத்திக்கொள்கிற பின்னூட்டம்தான் அதன் மையம். மூன்றாவது, ஜே ஃபாரஸ்டர் 1956-க்குப் பிறகு எம்.ஐ.டி.யின் மேலாண்மைப் பள்ளியில் வளர்த்த சிஸ்டம் டைனமிக்ஸ். இருப்பையும் ஓட்டத்தையும் எண்ணாகப் போட்டு, நாள் நாளாக ஓட்டிப் பார்ப்பது.

மூன்றும் ஒன்றுக்கொன்று சொந்தம்தான். ஆனால் சமுதாயக் கல்லூரியில் தொடங்குகிறவர்கள் மூன்றாவதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது என்பது என் கட்சி. பெர்டாலன்ஃபியை முதலில் எடுத்தால் 'எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது' என்ற வாக்கியத்தில் போய் நின்றுவிடும். அது உண்மைதான். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் எவரும் அதைச் சொல்வார். அதை வைத்து ஒரு குளத்தின் மடையைக்கூட எப்போது திறப்பது என்று முடிவு செய்ய முடியாது. முழுமை, ஒருமை, பிரபஞ்சம் என்று போய்விடுகிற பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். பேசி முடித்த பிறகு கையில் ஒரு எண்கூட மிஞ்சாது.

பின்னூட்டத்தை மட்டும் எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிறோம். மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் மிதவை, ஃப்ரிட்ஜின் தெர்மோஸ்டாட், இரண்டும் அதுதான். தெர்மோஸ்டாட் ஒரு சூட்டில் கம்ப்ரசரை ஓடவிடும், இன்னொரு சூட்டில் கட் ஆஃப் செய்யும், இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தாக வேண்டும், அது ரொம்பச் சின்னதாகிவிட்டால் கம்ப்ரசர் நிமிஷத்துக்கு நிமிஷம் நின்று நின்று ஓடிச் சீக்கிரம் போய்ச் சேரும். இதைக் கை பழகியவனுக்குப் பின்னூட்டம் என்ற சொல்தான் புதுசு. பழைய மாடல் ஏசியில் சீக்கிரம் குளிரட்டும் என்று 16-இல் வைக்கிறார்களே, கம்ப்ரசர் 24-லும் அதே வேகத்தில்தான் ஓடும், 16-இல் வைத்தால் அது நிற்காது, அவ்வளவுதான். வீட்டுக்காரர்களிடம் இதை இரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறேன். யாரும் நம்புவதில்லை.

சரி, சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது, பொருள் வழியில் மாறிவிட்டது. அங்கே 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் ஊரில் தொடங்கிய ஜூனியர் கல்லூரியை அந்த வகைக்கு முன்னோடியாகச் சொல்வார்கள். இரண்டு வருஷம் படித்து, அந்த மதிப்பெண்ணோடு பல்கலைக்கழகத்துக்கு மாறி, மீதி இரண்டு வருஷத்தை அங்கே முடிக்கலாம். அதனால் தத்துவமோ சிஸ்டம் தியரியோ ஒரு பாடமாக எடுத்துப் படிக்க அங்கே இடம் உண்டு. இங்கே 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் தொடங்கியபோதே நோக்கம் வேறு: பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், வீட்டு வேலை செய்கிற பெண்கள், கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்கள், இவர்களுக்கு ஒரு கைத்தொழிலும் கூடவே கொஞ்சம் தைரியமும் கொடுப்பது. நல்ல நோக்கம், குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று, தொழில் கற்றுக்கொள்ள வருகிறவனுக்குக் கோட்பாடு எதற்கு என்று அதை நடத்துகிறவர்களே சில நேரம் முடிவுகட்டிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 1971-இல் பாடம் தொடங்கிய ஓபன் யுனிவர்சிட்டி, வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டிலிருந்து படிக்கிறவர்களுக்காக, அந்தப் பத்தாண்டிலேயே சிஸ்டம்ஸை ஒரு தனிப் பாடப்பிரிவாக வைத்து நடத்தியது. அங்கே முடிந்தது இங்கே முடியாமல் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கணக்கு வராதே என்பார்கள். டிஃபரன்ஷியல் சமன்பாடு வேண்டாமா என்றால், வேண்டாம், கூட்டலும் கழித்தலும் போதும். ஃபாரஸ்டர் கதையே அதற்குச் சாட்சி. நெப்ராஸ்காவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்த ஆள், பள்ளியில் படிக்கும்போதே காற்றாலை ஒன்றைச் செய்து பண்ணைக்கு 12 வோல்ட் மின்சாரம் கொண்டுவந்தவர். பின்னாளில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காரர்கள் அவரிடம் வந்து, கென்டக்கியில் இருக்கிற எங்கள் வீட்டுச் சாமான் ஆலைகளில் ஒரு சமயம் மூணு நாலு ஷிப்டு ஓடுகிறது, இரண்டு மூன்று வருஷத்தில் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது, ஏன் என்றே தெரியவில்லை என்றார்கள். அவர் ஒரு நோட்டுத் தாளில் மேலே தலைப்புகள் எழுதி, சரக்கு இருப்பு, ஆட்கள், ஆர்டர் என்று வரிசையாக வாரத்துக்கு ஒரு வரி போட்டுக் கையாலேயே கணக்கு ஓட்டினார். ஆர்டர் ஒரே சீராக வந்தால்கூட, அவர்கள் ஆளெடுக்கிற விதமும் சரக்கு வைக்கிற விதமும் சேர்ந்து அந்த ஏற்ற இறக்கத்தைத் தானாகவே உண்டாக்கிக்கொள்கின்றன என்று தெரிந்தது. சிஸ்டம் டைனமிக்ஸ் பிறந்த இடம் அந்தத் தாள். எங்களுக்கும் நாற்பது பக்கக் கட்டம் போட்ட நோட்டு ஒன்றுதான் இருந்தது.

அந்த எம்.ஐ.டி.யில் 1960-களில் பியர் கேம் என்று ஒரு விளையாட்டு உண்டாக்கினார்கள், இன்றைக்கும் உலகம் முழுக்க விளையாடுகிறார்கள். பெயரைப் பார்த்து எங்கள் கல்லூரி நிர்வாகம் முகத்தைச் சுளிக்கும் என்று சார் அதைப் பன்னீர் சோடாவாக மாற்றிவிட்டார். நான்கு இடம்: பெட்டிக்கடை, மொத்தக் கடை, ஏஜென்சி, சோடா கம்பெனி. பெட்டிக்கடைக்கு வாரா வாரம் எத்தனை கிரேட் விற்கிறது என்று ஒரு சீட்டு வரும். ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவருக்கு ஆர்டர் எழுதி அனுப்பலாம். ஆர்டர் போய்ச்சேர இரண்டு வாரம், சரக்கு வந்துசேர இன்னும் இரண்டு வாரம். பேசக் கூடாது. கடையில் தேங்குகிற கிரேட் ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு அரை ரூபாய் நஷ்டம், கேட்டதைக் கொடுக்க முடியாமல் பாக்கி வைத்தால் ஒரு ரூபாய். (அசலில் இது டாலர்.)

நான் ஏஜென்சி. கம்பெனியில் தையல் டிப்ளமோ படிக்கிற ஒரு அக்கா, மொத்தக் கடையில் ஒரு சின்னப் பையன், பெட்டிக்கடையில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஏழு ஏக்கர் வாழையும் நெல்லும் போடுகிற ஒரு அண்ணாச்சி, அவர் மகனை டிப்ளமோவில் சேர்க்க வந்து தானும் சேர்ந்துகொண்டவர். நாலைந்து வாரம் சும்மா போனது. அப்புறம் கீழேயிருந்து கொஞ்சம் கூடுதலாக ஆர்டர் வந்தது. நானும் கூடுதலாகப் போட்டேன். வரவில்லை. அடுத்த வாரம் அதைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள், என்னிடம் பாக்கி சேர்ந்துகொண்டே போனது, நான் பயந்துபோய் முப்பது, அப்புறம் நாற்பது என்று எழுதித் தள்ளினேன். பேசக் கூடாது என்பதால் கம்பெனி அக்காவை முறைக்கத்தான் முடிந்தது. கொஞ்ச வாரம் கழித்து சரக்கு வரத் தொடங்கியது பாருங்கள், நிற்கவே இல்லை. கீழேயிருந்து ஆர்டரே வரவில்லை, எனக்கு மேலேயிருந்து லாரி லாரியாகச் சோடா இறங்குகிறது. முடிவில் என் பக்கத்தில் நூறு கிரேட்டுக்கு மேல் சும்மா கிடந்தது.

முடிந்ததும் சார் கேட்டார், பெட்டிக்கடையில் விற்பனை எப்படி இருந்திருக்கும், வரைந்து காட்டுங்கள். நான் மலை மாதிரி ஏறி இறங்குகிற கோடு வரைந்தேன். அக்காவும் அப்படித்தான் வரைந்தார். அண்ணாச்சி சீட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினார். முதல் நாலு வாரம் நாலு நாலு கிரேட். ஐந்தாவது வாரம் எட்டு. அதற்கப்புறம் கடைசி வரைக்கும் எட்டு, எட்டு, எட்டு. ஒரே ஒரு தடவை மாறிய விற்பனை, அவ்வளவு ஆட்டத்தையும் நாங்கள் நாலு பேரும் எங்கள் பங்குக்கு நியாயமாக நடந்துகொண்டே உண்டாக்கியிருக்கிறோம். 'அப்ப நான் முறைச்சதெல்லாம்?' என்று கேட்டேன். 'அத வச்சிக்கிடும், வீட்டுல உதவும்' என்றார் அக்கா.

போட்ட ஆர்டரில் இன்னும் வந்துசேராதது எவ்வளவு என்பதை யாரும் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் காரணம். வழியில் இருக்கிற சரக்கும் ஒரு இருப்பு, கண்ணுக்குத் தெரியாத இருப்பு. காலதாமதம் என்று புத்தகத்தில் ஒரு சொல்லாகப் போகிற விஷயம், விளையாடிப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிற விஷயமாகிவிடுகிறது.

அண்ணாச்சி உடனே வாழைக்குப் போய்விட்டார். ஏத்தன் (நேந்திரன்) தார் விலை ஒரு வருஷம் ஏறினால் எல்லாரும் ஏத்தன் கன்று வைப்பார்கள். வெட்டுக்கு வர பத்துப் பதினோரு மாதம் ஆகும். அதுவரை விலை நல்லாவே இருக்கும், ஏனென்றால் வைத்த வாழை இன்னும் சந்தைக்கு வரவில்லை, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வைப்பார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வெட்டுக்கு வரும்போது விலை அடிமட்டத்துக்குப் போகும், அடுத்த வருஷம் பாதிப் பேர் ஏத்தனை விட்டுவிடுவார்கள், மறுபடி விலை ஏறும். பொருளாதாரத்தில் இதற்குச் சிலந்திவலை என்று பெயர், நிக்கோலஸ் கால்டோர் 1934-இல் வைத்தது; விலையையும் விளைச்சலையும் படமாக வரைந்தால் கோடு வலை பின்னுவது போலச் சுற்றும். நாங்கள் நோட்டில் ஐந்து வருஷத்துக்கு ஓட்டிப் பார்த்தோம். பாதிப் பேர் மட்டும் விலையைப் பார்க்காமல் வருஷா வருஷம் ஒரே அளவு வைத்தால் ஆட்டம் எவ்வளவு தணிகிறது என்றும் பார்த்தோம். நன்றாகவே தணிந்தது. நிஜத்தில் அதற்குள்ளே ஓணம் இருக்கிறது, சுழிக்காற்று இருக்கிறது, ஒரே ராத்திரியில் தோட்டமே சாய்ந்துவிடும். அதெல்லாம் எங்கள் நோட்டில் இல்லை.

ஆனால் அண்ணாச்சி அதோடு விடவில்லை. 'அப்ப யாவாரி மேல தப்பே இல்லைங்கீங்களா?' என்று கேட்டார். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. நல்ல கேள்வி. யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், அமைப்புதான் அப்படி நடக்க வைக்கிறது என்பது இந்தப் படிப்பின் பலம், அதே நேரத்தில் அது அதிகாரம் உள்ளவனுக்கு ரொம்ப வசதியான பேச்சும்கூட. எடையில் கழிக்கிறவன், கமிஷனில் அடிக்கிறவன், எல்லாரும் 'நான் என்ன செய்ய, சிஸ்டம் அப்படி' என்று நழுவிவிடலாம். இந்தத் துறைக்குள்ளேயே இதைக் கேட்டவர்கள் உண்டு. வெஸ்ட் சர்ச்மன் 1960-களிலேயே சிஸ்டத்தின் எல்லையை எங்கே வரைகிறீர்கள், யார் வரைகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் படித்த வெர்னர் உல்ரிச் 1983-இல் அதை முறையான கேள்விகளாகவே எழுதினார்: யாருக்காக இது நடக்கிறது, முடிவெடுப்பது யார், முடிவு யார் தலையில் விழுகிறதோ அவர்கள் சார்பில் பேச யார் இருக்கிறார்கள்?

தாமிரபரணியை வைத்து இதைப் பார்ப்பது எளிது. ஆற்றில் எட்டு அணைக்கட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியில் ஸ்ரீவைகுண்டம். மேலே இருக்கிற கால்வாய்க்காரனுக்கு முதலில் தண்ணீர், மிஞ்சியது கீழே. பாபநாசத்தில் திறப்பதற்கும் கடைமடையில் நனைவதற்கும் நடுவே எத்தனையோ மடை. சார் போட்ட படத்தில் அணைக்கு ஒரு பெட்டி, ஆற்றுக்கு ஒரு அம்பு, வயலுக்கு ஒரு பெட்டி இருந்தது. அண்ணாச்சி எழுந்துபோய், வயல் என்று ஒரே பெட்டி போட்டால் கணக்கு சரியாகத்தான் வரும், எனக்குத்தான் தண்ணீர் வராது என்று சொல்லி அந்தப் பெட்டியை எட்டாக வெட்டினார். அப்புறம் எட்டாவதிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்குப் போகிற குழாய்க்கு ஒரு அம்பு போட்டார். எங்கள் வகுப்பில் நடந்த நல்ல பாடங்களில் அது ஒன்று, நடத்தியது மாணவர்.

குளங்களும் அப்படித்தான். இந்தப் பக்கத்தில் குளம் தனியாக இருப்பதில்லை. ஒன்று பெருகினால் மறுகால் வழியே அடுத்ததுக்கு, அது பெருகினால் அதற்கடுத்ததுக்கு என்று சங்கிலியாக இறங்கும். மறுகால்குறிச்சி, மறுகால்தலை என்று ஊருக்கே அந்தப் பெயர் இருக்கிறது. சாதாரண மழையில் இந்தச் சங்கிலி ஒரு அடக்குகிற ஏற்பாடு, மேலே மிஞ்சியதைக் கீழே இருக்கிற குளம் வாங்கிக்கொள்ளும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது அதே சங்கிலி தலைகீழாக வேலை செய்தது. எல்லாக் குளமும் ஏற்கெனவே நிறைந்து நிற்கும்போது மேலே ஒரு கரை உடைந்தால், அந்தத் தண்ணீர் மொத்தமும் மழையோடு சேர்ந்து கீழே இருக்கிற கரையில் போய் இடிக்கும், அதுவும் உடைந்தால் இரண்டு குளத்துத் தண்ணீர் மூன்றாவதில் இடிக்கும். பல கரைகள் உடைந்தன. ஒவ்வொரு குளத்தையும் தனித்தனியாக எடுத்துக் கரை பலமா, மடை சரியா என்று பார்க்கிற கணக்கில் இது அகப்படாது. ஒரு அளவைத் தாண்டியதும், ஏறுவதை அடக்குகிற பின்னூட்டத்தை அதைப் பெருக்குகிற பின்னூட்டம் மிஞ்சிவிடும் என்று புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடுகிறது. அந்த வாரம் ஸ்ரீவைகுண்டம் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த வரி போதாது.

படிக்க நினைக்கிறவர்களுக்கு நடைமுறையில் சில. வென்சிம் என்ற மென்பொருளின் கற்றல் பதிப்பு இலவசம், இன்சைட் மேக்கர் பிரௌசரிலேயே ஓடும், இரண்டும் இல்லாவிட்டாலும் எக்செல் தாள் தாராளமாகப் போதும். ஆனால் முதல் இரண்டு மாதம் நோட்டில்தான் போட வேண்டும் என்பது எங்கள் சாரின் விதி, நானும் அதற்குக் கட்சி. மென்பொருளில் அம்புகளை இழுத்துவிட்டால் அழகான படம் வந்துவிடும், எண் என்ன சொல்கிறது என்று யோசிக்காமலே புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். அம்புப் படத்தோடு நின்றுவிட்டவர்கள்தான் அதிகம். ஆங்கிலம் ஒரு தடைதான், தமிழில் இதற்கு ஒழுங்கான பாடநூல் என் கண்ணில் பட்டதில்லை, சார் கொடுத்த கைப்பிரதிகளை வைத்து ஓட்டினோம். வேலை கிடைக்குமா என்றால், சிஸ்டம் தியரி தெரிந்தவர் தேவை என்று திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் எவரும் போர்டு வைக்கவில்லை. எனக்கு ஏசி வேலையால்தான் வருமானம் கூடியது. கடையில் காப்பர் கம்பி வாங்கி வைப்பது மட்டும் மாறியிருக்கிறது. விலை ஏறுகிறது என்றதும் அவசரமாக மூணு மடங்கு ஆர்டர் போடுகிற பழக்கத்தை விட்டுவிட்டேன், வரவேண்டியது எவ்வளவு என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

போன ஐப்பசியிலிருந்து நோட்டில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தினமும் பேப்பரில் வருகிற பாபநாசம் வரத்தையும் வெளியேற்றத்தையும் எடுத்து, நாளைக்கு நீர்மட்டம் எவ்வளவு இருக்கும் என்று முதல் நாளே எழுதிவைப்பது, மறுநாள் பேப்பரோடு ஒப்பிடுவது. முதல் வாரம் ஒரு நாள்கூடச் சரியாக வரவில்லை. ஒரு தப்பு சீக்கிரம் தெரிந்தது: அணை அடியிலே குறுகல், மேலே அகலம், அதனால் 60-ஆவது அடிக்குத் தேவைப்படுகிற தண்ணீரைவிட 130-ஆவது அடிக்கு எவ்வளவோ அதிகம் வேண்டும், நான் எல்லா அடிக்கும் ஒரே அளவு போட்டிருந்தேன். அதைத் திருத்தியும் உதைத்தது. பாபநாசமும் சேர்வலாறும் மலைக்குள்ளே சுரங்கத்தால் இணைந்தவை என்பது எனக்குத் தெரியும், ஊரில் எல்லாருக்கும் தெரியும், பேப்பரில் இரண்டையும் தனித்தனி வரியாகப் போடுவதால் நானும் தனித்தனியாகவே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே இருப்பாகச் சேர்த்த பிறகு வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி எங்கே போகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கேட்டேன். 'மேல நிக்கிறவன் எழுதுற நம்பர நம்பித்தானவே கணக்குப் போடுதீரு' என்றார்.